உளியா, ஜிக்கா? கித்தார்க் கழுத்து மூட்டுக்கு எது சரி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு கார் போர்ச்சில் கார் நின்று நான்கு வருடமாகிறது. கார் வெளியே வெயிலில் காய்கிறது. உள்ளே ஒரு வேலைமேசை, அதன் மேல் எப்போதும் ஏதாவது ஓர் அரைகுறைக் கித்தார். இதுவரை ஆறு முடித்திருக்கிறேன். பக்கப்பலகையை வளைப்பது, மேற்பலகையை இழைப்பது எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது. ஆறிலும் என்னை அதிகம் படுத்தியது ஒரே இடம்தான், கழுத்து உடலோடு சேரும் மூட்டு.

"கழுத்து மூட்டை ஜிக் வைத்து வெட்டலாமா, கையால் வெட்டலாமா?" என்று புதிதாகச் செய்ய வருபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஜிக் என்பது வெட்டும் கருவி வழிதவறாமல் ஓட, மரத்தைப் பிடித்துக் கருவிக்கு வழிகாட்டும் சட்டம். அந்தக் கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த மூட்டு என்பது ஒன்று. அதை எதால் வெட்டுவது என்பது வேறு. நானும் இவற்றைக் குழப்பிக்கொண்டுதான் முதல் இரண்டு கித்தார்களில் மரத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் வீணாக்கினேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் ஏன் இவ்வளவு பாடு என்று புரியும். 12-53 லைட் ஸ்டீல் கம்பி செட் (மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலம், தடித்தது 0.053) சாதாரண சுருதியில் கிட்டத்தட்ட 73 கிலோ விசையோடு இழுக்கும். ஒரு ஆள் ராத்திரி பகலாகக் கழுத்தைப் பிடித்துத் தொங்குவது போல. 645 மி.மீ. நீளக் கம்பி, 14ஆவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) உடல் தொடங்குகிறது என்றால், மூட்டிலிருந்து சாடில் வரை, அதாவது மேற்பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் கட்டையில் கம்பி உட்காரும் பட்டை வரை, ஏறத்தாழ 290 மி.மீ. கழுத்து உடலில் பதியும் அடிப்பகுதியான குதிகால், அதாவது ஹீல், 90 மி.மீ. நீளம். இந்தக் கணக்கில், சாடில் பக்கம் 1 மி.மீ. உயர்த்தவோ இறக்கவோ குதிகால் நுனியில் 0.3 மி.மீ. சீவினால் போதும். பக்கவாட்டில் இன்னும் மோசம். கழுத்தின் இரண்டு தோள்களில், அதாவது உடலின் மேல் பதியும் இரு பக்க ஓரங்களில், ஒன்று மட்டும் அரை மி.மீ. அதிகமாகச் சீவப்பட்டால், நடுக்கோடு சாடில் இருக்கும் இடத்தில் 2.5 மி.மீ.க்கு மேல் விலகிவிடும். அரை மி.மீ. என்பது நம் விரல் நகத்தின் தடிமன்.

(இதற்குப் பயந்துதான் சிலர் பிரிட்ஜைக் கடைசியில் ஒட்டுகிறார்கள். கழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பிரிட்ஜையும் நகர்த்திவிடலாம். திருட்டு வழிதான், ஆனால் நானும் செய்கிறேன்.)

சரி, மூட்டுகளுக்கு வருவோம்.

புறாவால் மூட்டு, டவ்டெய்ல், பழைய அமெரிக்க வழி. 1833இல் தொடங்கிய மார்ட்டின் நிறுவனம் தன் உயர்வகைக் கித்தார்களில் இன்றும் இதைத்தான் வைக்கிறது. கிப்சனும் அப்படித்தான். வால் போல விரிந்த துண்டு, உடலின் குழிக்குள் மேலிருந்து கீழாக இறங்கும். அந்த வால் குறுக்கே மட்டும் விரிந்திருப்பதில்லை, கீழே போகப் போக ஆப்பு மாதிரி ஒடுங்கவும் செய்யும். இறங்க இறங்க இறுகும், பசை இல்லாமலே நிற்கும். கேட்க அழகாக இருக்கிறதா? வெட்டிப் பார்த்தால் தெரியும். கழுத்தின் சாய்வு, நடுக்கோடு, ஃபிரெட்போர்டின் மட்டம், மூட்டின் இறுக்கம் ஆகிய நான்கும் ஒரே முடிச்சு. சாய்வைச் சரிசெய்யத் தோளைச் சீவினால் கழுத்து உடலை நோக்கி நகரும், வால் தொளதொளவென்று ஆகிவிடும். இறுக்கத்துக்கு வாலின் கன்னத்தில் மெல்லிய மரச்சீவல் ஒட்டினால் கழுத்து மேலே நின்றுவிடும். மறுபடி சீவு. கார்பன் தாளை இடையில் வைத்து, எங்கே கறை படுகிறதோ அங்கே மட்டும் உளியால் ஒரு சுருள் எடுக்க வேண்டும். என் முதல் கித்தாரை இப்படித்தான் கையால் பொருத்தினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. கடைசியில் இரண்டு பக்கமும் சீவல் வைத்து அடைத்தேன்.

இரண்டாவதற்கு ரூட்டரும் (வேகமாகச் சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் மின்கருவி) ஜிக்கும் வைத்து அதே புறாவால் மூட்டு. இங்கேதான் ஜிக் பற்றிய முதல் பாடம். நேர் வெட்டு பிட்டை 3 மி.மீ., 3 மி.மீ. ஆகப் படிப்படியாக இறக்கலாம். புறாவால் பிட்டை அப்படி இறக்க முடியாது. அது அடியில் விரிந்தது, ஒரே ஓட்டத்தில் முழு ஆழமும் போக வேண்டும். முதலில் நேர் பிட்டால் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, கடைசி ஓட்டத்தை மட்டும் வால் பிட்டுக்கு விடலாம். அப்படியும் ட்ரிம்மர் என்கிற கையடக்கச் சின்ன ரூட்டர் இதற்குத் தாங்காது. 12.7 மி.மீ. காம்பு பிடிக்கும் பெரிய ரூட்டர் வேண்டும். நான் ஒன்றை இரவல் வாங்கினேன். வெட்டு என்னவோ நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஆனால் பொருத்துவதற்கு அதே கார்பன் தாள், அதே உளி, இன்னும் ஒன்றரை நாள். ஜிக் வாலை ஒழுங்காக வெட்டித் தந்தது, முடிச்சை அவிழ்க்கவில்லை.

மூன்றாவதிலிருந்து கழுந்து மூட்டுக்கு மாறிவிட்டேன். கழுத்தின் முனையில் 19 மி.மீ. அகலத்தில் நேரான கழுந்து, உடலின் உள்கட்டையில் அதற்கேற்ற துளை, உள்ளேயிருந்து இரண்டு எம்6 போல்ட். அவ்வளவுதான். இதில் கழுந்து எதையும் தாங்குவதில்லை, இடத்தைக் காட்டுகிறது. பிடிப்பு போல்ட்டின் வேலை, சாய்வும் நடுக்கோடும் தோள்களின் வேலை. நான்கும் தனித்தனி. ஒன்றைத் தொட்டால் மற்றது கெடாது. கழுத்தை லேசாக மாட்டி, தோளுக்கும் உடலுக்கும் நடுவே உப்புத்தாள் பட்டையை வைத்து, சொரசொரப்பு கழுத்தைப் பார்க்கும்படி இழுத்தால் தோள் உடலின் வளைவுக்குத் தானே ஒத்துவரும். இந்தப் பக்கம் ஐந்து இழுப்பு, அந்தப் பக்கம் இரண்டு, திரும்ப அளந்து பார்.

போல்ட் போட்டால் நாதம் செத்துவிடும் என்பார்கள். டெக்சஸில் செய்யும் காலிங்ஸ் கித்தார்கள் போல்ட் கழுத்துதான், விலையைக் கேட்டால் நமக்குத்தான் நாதம் அடங்கும். டெய்லர் 1999இல் கொண்டுவந்த கழுத்தும் போல்ட்தான். அதில் சாய்வை மாற்றுவதற்கென்றே அளவு குறித்த மெல்லிய தகடுகள் உண்டு, தகட்டை மாற்றினால் சாய்வு மாறும். என் காதுக்கு என் முதல் கித்தாருக்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் உண்டு. அது மேற்பலகையால் வந்த வித்தியாசம் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. போல்ட் பிடிக்க வேண்டிய மரை, கழுத்து மரத்தின் நார் நுனியில் வருகிறது. அங்கே பித்தளை மரைக்குழாயைத் திருகினால் பிடிப்பு குறைவு, ஒரு நாள் உருவிக்கொண்டு வரும். அதனால் கழுந்தின் குறுக்கே 10 மி.மீ. துளை போட்டு உருளை நட் வைக்கிறேன். பெட்டியில் வரும் அலமாரியை வீட்டில் நாமே மாட்டும்போது சின்னப் பையில் இருக்குமே, அதே சாமான்தான். சாதாரண ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும்.

ஸ்பானிய வழியும் உண்டு. கழுத்தின் குதிகாலிலேயே பள்ளம் வெட்டி, பக்கப்பலகைகளை அதில் செருகி, கழுத்தைச் சுற்றி உடலைக் கட்டுவது. நைலான் கம்பிக்கு அருமை, இழுவிசை அதில் மிகக் குறைவு. பின்னால் கழுத்தைக் கழற்ற வேண்டும் என்றால் வழியில்லை. ஸ்டீல் கம்பிக்கு நான் அதை யோசிக்கவில்லை.

கழற்றுவது என்பது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். கித்தாருக்கு வேண்டியது 45 முதல் 55. வெளியே வைத்தால் மேற்பலகை ஊதிப் பிரிட்ஜ் உயரும், கம்பி விரலை அறுக்கும். ஏர்கான் அறையில் வைத்தால் பலகை இறங்கும், கம்பி ஃபிரெட்டில் உரசும். அக்டோபர் மழையில் போர்ச்சில் வைத்து அளந்த கழுத்துச் சாய்வை நம்பி நான் பட்டிருக்கிறேன். இப்போது உடலை ஏர்கான் அறையில் இரண்டு மூன்று நாள் வைத்து, ஈரமானி 55க்குக் கீழே காட்டிய பிறகே அளக்கிறேன். அப்படியும் சில வருடங்களில் சாய்வைத் திருத்த வேண்டி வரலாம். புறாவால் மூட்டு என்றால் 15ஆவது ஃபிரெட்டைப் பிடுங்கி, துளை போட்டு, நீராவி செலுத்திப் பசையை இளக்க வேண்டும். வச்சிரப் பசையானாலும் மஞ்சள் பசையானாலும் இளகும், ஆனால் கூடவே பாலிஷும் வெளுத்துப்போகும் அபாயம் உண்டு. போல்ட் என்றால் ஒலித்துளைக்குள் கைவிட்டு 5 மி.மீ. எல்-கீயால் இரண்டு திருகு. ஃபிரெட்போர்டின் நாக்கு, அதாவது உடலின் மேல் நீளும் அதன் நுனி, மேற்பலகையில் ஒட்டியிருக்கும், அதற்கு மட்டும் கொஞ்சம் சூடு.

மூட்டுக் கேள்வி இதோடு எனக்கு முடிந்தது. ஜிக் கேள்விதான் சுவாரசியம்.

நான் செய்த ஜிக் இப்படி. ஒரு நிற்கும் பலகை, அதன் முகத்தில் கழுத்தை, குதிகால் மேலே பார்க்கும்படி, செங்குத்தாகக் கிளாம்ப் போட்டுப் பிடிக்கலாம். மேலே படுத்தவாக்கில் ஒரு தட்டு, அதில் கழுந்தின் வடிவ டெம்ப்ளேட். பேரிங் வைத்த பிட் டெம்ப்ளேட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டு ஓடும். கழுத்து வளையாமலிருக்க உள்ளே புதைக்கும் இரும்புக் கம்பிக்கென்று (ட்ரஸ் ராட்) வெட்டிய 6 மி.மீ. பள்ளம் ஏற்கெனவே நடுவில் இருக்கிறதே, அதில் உட்காரும்படி நிற்கும் பலகையில் ஒரு 6 மி.மீ. மரப்பட்டை. கழுத்து தானாக நடுவில் உட்காரும். நிற்கும் பலகைக்குக் கீல் உண்டு. ஒன்றரை டிகிரி சாய்வு வேண்டுமானால் 300 மி.மீ. நீளத்துக்குக் கிட்டத்தட்ட 8 மி.மீ. ஆப்பு. வெட்டும் முன் தோள் கோட்டைக் கத்தியால் ஆழமாகக் கீறிவிட வேண்டும், இல்லையென்றால் ரூட்டர் ஓரத்தைப் பிய்த்துவிடும்.

இதைச் செய்ய எனக்கு மூன்று வாரக்கடைசி ஆனது. எங்கள் வரிசையில் குடியிருக்கும் தச்சு மாமா, அந்தக் காலத்தில் பக்கத்து ஊரான பிறையில் பட்டறை வைத்திருந்தவர், தினமும் நடைப்பயிற்சி முடிந்து வரும்போது எட்டிப் பார்ப்பார். "என்ன தம்பி, ஒரு கழுந்து வெட்டுறதுக்கா இவ்ளோ பலகை? இந்நேரம் நான் ஒரு அலமாரியே முடிச்சிருப்பேன்." "நாலு கித்தார் செய்யப்போறேன் மாமா." "மொதல்ல ஒண்ண செய்யி."

அவர் சொன்னதில் பாதி சரி. டெம்ப்ளேட்டை எம்டிஎஃப் பலகையில் வெட்டியிருந்தேன், மழைக்காலத்தில் ஓரம் உப்பிக் கழுந்து தடித்துவிட்டது. பிறகு 12 மி.மீ. அக்ரிலிக்கில் மாற்றினேன். அதைவிடப் பெரிய தப்பு அந்த 6 மி.மீ. பட்டை. மேல்தட்டுக்கு அதைச் செங்குத்தாக ஒட்டிவிட்டேன் என்று நம்பியிருந்தேன், அரை டிகிரி சாய்ந்திருந்தது. மூன்றாவது கித்தாரின் கழுத்து பிரிட்ஜ் பக்கம் 2.5 மி.மீ. இடதுபக்கம் பார்த்தது. என் கைத்தப்பு என்று எண்ணி உப்புத்தாளில் சரிசெய்தேன். நான்காவதும் அதே 2.5 மி.மீ., அதே இடதுபக்கம். உளி தப்பு செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தப்பு செய்யும். ஜிக் தன் தப்பை ஒரு மயிரிழை மாறாமல் திரும்பச் செய்யும். ஒரு வகையில் அதுதான் நல்லதும், காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இப்போது அந்தப் பட்டையை ஒரு முனையில் திருகாணியில் சுழலும்படியும் மறுமுனையில் இறுக்கும்படியும் வைத்திருக்கிறேன்.

ரூட்டர் வாங்கப் போகிறவர்கள் பிட்டின் காம்பைப் பார்த்து வாங்குங்கள். இங்கே 6 மி.மீ.யும் கால் அங்குலமும், அதாவது 6.35 மி.மீ.யும், கலந்து விற்கிறார்கள். கால் அங்குலப் பிடியில் 6 மி.மீ. காம்பைப் போட்டால் பிட் நழுவிக் கீழே இறங்கும், கழுத்து போனால்கூடப் பரவாயில்லை, கை முக்கியம். இன்னொன்று சத்தம். இது வரிசை வீடு. உளியை இரவு பதினொரு மணிக்கும் ஓட்டலாம். ரூட்டரைப் பக்கத்து வீட்டுக் குழந்தை பகலில் தூங்கி எழுந்த பிறகுதான்.

ஒரே ஒரு கித்தார் செய்து பார்க்க ஆசைப்படுகிறவருக்கு ஜிக் வேண்டாம். ஆனால் புறாவாலும் வேண்டாம். நேர்க் கழுந்தை மெல்லிய பல் ரம்பத்தாலும் உளியாலும் ஒரு நாளில் வெட்டிவிடலாம், கன்னம் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் போல்ட் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரே மாதிரி மூன்று, நான்கு செய்யப் போகிறவருக்கு ஜிக் கட்டுபடியாகும். என் ஐந்தாவதிலும் ஆறாவதிலும் வெட்டும் பொருத்தலும் சேர்ந்து ஒரு மதியத்தில் முடிந்தன. பழைய கித்தார்களைப் பழுது பார்க்க ஆசை இருந்தால் மட்டும் புறாவாலை ஒருமுறையாவது கையால் வெட்டிப் பழகுங்கள், கழற்றும்போது உள்ளே என்ன இருக்கிறதென்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏழாவதைத் தொடங்கிவிட்டேன். சின்ன உடல், 12ஆவது ஃபிரெட்டில் சேர்வது, குதிகாலும் வேறு வடிவம். ஜிக்கில் டெம்ப்ளேட்டும் ஆப்பும் பட்டையும் எல்லாமே மாற்ற வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், உளியைத் தீட்டுவது சீக்கிரம். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.