இலையா, வான்கோழியா?

அமெரிக்காவில் வீட்டிலேயே பாடம் நடத்தும் குடும்பங்களுக்கு இலையுதிர் காலத்தில் ஒரு குழப்பம்: இலைப் பரிசோதனையா, நன்றி நாள் (நவம்பரில் வான்கோழி விருந்தோடு கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங்) வரலாறா?

இலைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பிங் ஆல்கஹாலும் காபி ஃபில்டர் காகிதமும் போதும். பச்சை மேப்பிள் இலையைக் கிழித்து ஆல்கஹாலில் ஊறவைத்து, அந்தக் காகிதப் பட்டையின் நுனியை அதில் நனையவிட்டால் பச்சையோடு மஞ்சளும் மெல்ல ஏறிவரும். அந்த மஞ்சள் கோடையிலேயே உள்ளே ஒளிந்திருந்தது என்பதைப் பிள்ளை கண்ணாலேயே பார்த்துவிடும். (ஆல்கஹாலை அடுப்பருகே வைக்காதீர்கள்.) அக்டோபர் போய்விட்டால் பச்சை இலைக்கு எங்கே போவது?

வரலாற்றுக்கு அந்த அவசரமில்லை. உள்ளங்கையை வரைந்து வான்கோழியாக்குவதோடு நிறுத்தினால்தான் சப்பென்றிருக்கும். நன்றி நாளின் தொடக்கமாகச் சொல்லப்படுவது, 1621-இல் ஆங்கிலேயக் குடியேறிகளின் ஊரான பிளிமத்தில் நடந்த 3 நாள் விருந்து. அதற்கு அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மசாசோயிட்டுடன் சுமார் 90 ஆண்கள் வந்தார்கள். 5 மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். இதில் விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ஆறு வயதென்றால் என் ஓட்டு இலைக்குத்தான்.