சீசன் வேலைக்கு ஊட்டி வருகிறவர்களே, போர்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஏப்ரல் பிறந்தால் ஊட்டியில் எல்லாக் கடையிலும் ஆள் தேடுவார்கள். நான் கோத்தகிரிப் பக்கம். போன சீசனில் பெரிய பிராண்டு சிக்கன் கடை ஒன்றில், "மாசம் 15,000, ரூம், சாப்பாடு ஃப்ரீ" என்றார்கள். டிவியில் விளம்பரம் வருகிற கம்பெனியா ஏமாற்றப் போகிறது என்று சேர்ந்துவிட்டேன். முதல் நாளே பிளஸ் டூ மார்க்‌ஷீட் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்கு, வேலை முடிந்ததாக மெஷினில் கைரேகை வைக்கச் சொல்வார்கள். அப்புறம்தான் நிஜமான வேலை. ஃப்ரையர் எண்ணெயை வடிகட்டி, அடியில் பிடித்த கருகலைச் சுரண்டி, ட்ரேக்களைக் கழுவி முடிக்கப் பன்னிரண்டரை ஆகும். மலர்க் கண்காட்சி நாட்களில் ஒன்றரை. எண்ணெய் தெறித்துக் கொப்பளித்த கையை ஊட்டித் தண்ணீரில் விட்டால் முதலில் இதமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போகும். ஓவர்டைம் கேட்டால், மெஷின்படி நான் பத்து மணிக்கே கிளம்பிவிட்டேனாம்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்தது. எங்களுக்கும் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் டிஷ்யூ பேப்பர் பெட்டி உட்கார்ந்திருந்தது.

முதல் மாதம் கைக்கு வந்தது 9,350 ரூபாய். யூனிஃபார்முக்கு 1,500, 'ஃப்ரீ' ரூமுக்கு 1,500, பி.எஃப். என்று 1,800, கல்லாவில் குறைந்ததாகச் சொல்லி 850. நான் கல்லாப் பக்கமே நின்றதில்லை.

மேனேஜரைக் கேட்டால், "ஓனர்கிட்ட பேசுங்க தம்பி." ஓனர் கோயம்புத்தூரில், போனை எடுக்கமாட்டார். பிராண்டின் கஸ்டமர் கேருக்கு அடித்தால், "அது ஃப்ரான்சைஸ் சார், ஸ்டாஃப் விஷயம் எங்களுக்கு வராது." அப்போதுதான் புரிந்தது: சட்டையில் இருப்பது ஒரு பெயர், சம்பளம் போடுவது வேறொருவர். பெயரைப் பயன்படுத்துவதற்கான ராயல்டி பணம் பிராண்டுக்குப் போய்ச் சேர்ந்தால் சரி.

அதனால் சேருவதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைக் காகிதத்தில் கேளுங்கள், அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சான்றிதழுக்கு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். பி.எஃப். பிடித்தால் உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வாங்கி, அரசின் உமாங் செயலியில் பாஸ்புக்கைப் பாருங்கள். கிளம்பும் நேரத்தைத் தினமும் குறித்து வையுங்கள், நான் குறிக்கவில்லை.

குன்னூரில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்த நாலாம் நாள் மார்க்‌ஷீட் வந்தது, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு. பி.எஃப். பாஸ்புக்கில் இன்னும் ஒரு ரூபாய் ஏறவில்லை.