வெரிகோஸுக்கு ஆர்.எஃப்.ஏ.வா, ஆபரேஷனா?

காலில் ரத்தக்குழாய் புடைத்து வளைந்துகொள்ளும் வெரிகோஸுக்கு எங்கள் வீட்டில் இரண்டு சிகிச்சையும் நடந்திருக்கிறது. அக்காவுக்கு ஆர்.எஃப்.ஏ. (ரேடியோ அலைச் சூட்டால் ரத்தக்குழாயை உள்ளேயே அடைப்பது), எனக்குப் பழைய முறை ஆபரேஷன். 14 வருடம் ஜவுளிக்கடையில் நின்ற கால்கள் என்னுடையவை. கடை ஊழியர்களுக்கு இருக்கை போடவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியபோது என் இடதுகால் நரம்பு ஏற்கெனவே புடைத்துவிட்டது. (ரத்தக்குழாய்தான்; நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.)

அக்கா கதை சின்னது. முழங்கால் பக்கம் ஒரு ஊசித்துளை. அதன் வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு, 120 டிகிரி சூட்டில், 7 செ.மீ. நீளத்துக்கு 20 நொடி என்ற கணக்கில் நரம்பை உள்ளேயே சுட்டு அடைத்தார்கள். காலையில் போனவள் சாயங்காலம் நடந்தே வந்துவிட்டாள். தையல்கூட இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் போய் அதையே கேட்டேன்.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் மாட்டிக்கொண்டேன். நிற்கவைத்துத்தான் எடுத்தார்கள். கெண்டைக்காலை அமுக்கி விட்டதும் ரத்தம் அரை நொடிக்கு மேல் கீழ்நோக்கி ஓடினால், அதைத் திரும்பவிடாமல் தடுக்கும் வால்வு பழுது. அது அக்காவுக்கும் எனக்கும் ஒன்றுதான். வித்தியாசம் நரம்பு போகும் போக்கில். அவளுக்கு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. எனக்குத் தொடையில் முறுக்கிய கயிறு மாதிரி வளைந்து வளைந்து, தோலை ஒட்டியே ஓடுகிறது. போதாததற்கு, முன்பு ஒருமுறை ரத்தம் உறைந்து சிவந்து வலித்த இடம் உள்ளே தழும்பேறிப் பாதி அடைத்திருந்தது. கதீட்டர் வளையும்தான், ஆனால் இத்தனை திருப்பத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். தோலை ஒட்டிய நரம்பைச் சுட்டால் மேலே தோலும் வெந்துபோகலாம், கறுப்புக்கோடு விழலாம். மரப்பு மருந்து கலந்த நீரைச் சுற்றிலும் ஏற்றி நரம்பைத் தோலிலிருந்து விலக்குவார்கள். என் காலில் அதற்கும் இடம் போதாது என்றார் டாக்டர்.

வேறு சிலருக்கும் ஆர்.எஃப்.ஏ. ஆகாது. ஆழத்தில் உள்ள நரம்பில் புதிதாக ரத்தம் உறைந்திருந்தால் கூடாது. அந்த ஆழ்நரம்பே பழைய அடைப்போடு இருந்தால் மேல்நரம்புதான் மாற்றுவழி. அதை மூடினால் கால் இன்னும் வீங்கும், அங்கே ஆபரேஷனும் உதவாது. கர்ப்பிணிகளைப் பிரசவம் முடியட்டும் என்பார்கள்; பலருக்கு அப்புறம் தானாகவே வற்றிவிடும். எழுந்து நடக்க முடியாதவர்களுக்கும் தயங்குவார்கள். சிலந்திவலை மாதிரி மெல்லிய நரம்புகளுக்குள் கதீட்டரே நுழையாது.

சரி, ஆபரேஷன். முதுகில் மரப்பு ஊசி, தொடை இடுக்கில் ஒரு வெட்டு, அங்கே நரம்பைக் கட்டிவிட்டு உருவுவது. என் நரம்பு ஒரேயடியாக உருவ வரவில்லை. சின்னச் சின்னக் கீறல் போட்டுத் துண்டு துண்டாக எடுத்தார்கள். ஒரு ராத்திரி தங்கினேன். தொடை முழுக்க நாவல்பழ நிறம், அது மஞ்சளாகி மறைய மூன்று வாரம் ஆனது. கணுக்கால் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இன்றும் மரத்துக் கிடக்கிறது. ஆனாலும் என் மாதிரிக் காலுக்கு இதைத்தான் சொல்வேன். இரண்டு வருடமாகச் சாயங்கால கனம் இல்லை. பத்து வருடம் தாங்குமா என்றால் இப்போதே எப்படிச் சொல்வது? நரம்பை அடைக்க நுரை மருந்தை ஏற்றும் நுரை ஊசி பற்றிப் பேச எனக்கு அனுபவம் இல்லை.

அக்கா காலில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. என் காலில் ஒன்பது வெள்ளைத் தழும்பு. புடவைக்குள் யார் எண்ணப்போகிறார்கள்?