எப்சன் எல்3250: பெட்டியைப் பிரித்ததிலிருந்து முதல் தாள் வரும்வரை

இந்தப் பிரிண்டரை வாங்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்தவர்களைக் காக்க வைக்க விரும்பவில்லை. வாங்கலாம். ஐந்து மாதமாக என் வீட்டில் ஓடுகிறது, ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

நான் தஞ்சாவூரில் வீட்டிலேயே ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். 26 பேர். வாரம் இரண்டு தேர்வு, ஆளுக்கு மூன்று பக்கம். ஜெராக்ஸ் கடைக்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்தச் செலவு இல்லை. ஒரு பாட்டில் கறுப்பு மைக்கு 4,500 பக்கம், கலருக்கு 7,500 பக்கம் என்று நிறுவனம் கணக்குச் சொல்கிறது. முதல் பாட்டில் மட்டும் அந்த அளவுக்கு வராது, உள்ளே இருக்கிற குழாய்கள் நிரம்பவே கொஞ்சம் மை போய்விடும். நான் மூவாயிரம் பக்கத்துக்கு மேல் அடித்துவிட்டேன், டேங்க்கில் இன்னும் கால்வாசி நிற்கிறது. வட்டம், தொடுகோடு, முக்கோணப் படங்களெல்லாம் கோடு உடையாமல் வருகின்றன. இரண்டு பக்கமும் அடிக்க வேண்டுமென்றால் தாளைக் கையால்தான் திருப்பி வைக்க வேண்டும். திரை கிடையாது, எல்லாவற்றையும் லைட்டுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த லைட்டு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டர் வந்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். "நானே மாட்டி வைக்கிறேன்மா, நீ பிள்ளைங்களைப் பாரு" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா மின்வாரியத்தில் 34 வருஷம் வேலை பார்த்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். எந்த மெஷினையும் பிரித்துப் பார்த்து மாட்டக்கூடியவர். மையை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றியிருக்கிறார். முதல்முறை மை ஊற்றியதும் அது உள்ளே ஏறப் பத்து நிமிஷம் போல ஆகும், அதுவரை பவர் லைட் மின்னிக்கொண்டே இருக்கும். பெட்டியில் வந்த தாளிலேயே இது படம் போட்டுக் காட்டியிருக்கிறது. ஆனால் விட்டு விட்டு எரியும் லைட் என்றால் கோளாறு என்றுதான் அப்பாவின் 34 வருஷ அனுபவம் சொல்லும். லேப்டாப்பைத் திறந்து பிரிண்டர் பெயரையும் 'செட்டப்' என்ற வார்த்தையையும் போட்டுத் தேடியிருக்கிறார். மேலே முதலாவதாக வந்ததை அழுத்தியிருக்கிறார். அதன் ஓரத்தில் 'விளம்பரம்' என்று பொடி எழுத்தில் இருந்ததை மறுநாள்தான் நான் பார்த்தேன்.

அந்தப் பக்கத்தில் நிறுவனத்தின் லோகோ இருந்தது, பிரிண்டர் படம் இருந்தது. 'உங்கள் மாடல் எண்ணைப் போடுங்கள்' என்றது. போட்டதும் 'டிரைவர் இறங்குகிறது' என்று (பிரிண்டரைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் மென்பொருள்தான் டிரைவர்) ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. 83 சதவீதத்தில் நின்றது. சிவப்பு எழுத்தில் 'பிழை. நிறுவ முடியவில்லை. உடனே அழையுங்கள்' என்று ஒரு நம்பர்.

அப்பா அழைத்திருக்கிறார். எடுத்தவர் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசியிருக்கிறார்.

"சார், லைட் மின்னுதா?"

"ஆமா, விட்டு விட்டு எரியுது."

"அதான் சார் பிரச்சினை. உங்க நெட்வொர்க்ல வைரஸ் இருக்கு. பிரிண்டர் உள்ள வராம அது தடுக்குது."

எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான். அந்த ஆள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லாப் புதுப் பிரிண்டரிலும் மின்னுகிற ஒரு லைட்டை எடுத்து அதற்கு நோய் என்று பேர் வைத்துவிட்டான். பத்து வருஷம் புழங்கிய சாமான் என்றால் எது இயல்பு, எது கோளாறு என்று நமக்கே தெரியும். அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்த சாமானில் நமக்கு அது தெரியாது. அந்தத் தெரியாத ஒரு மணி நேரத்துக்குள்தான் இவர்கள் வந்து உட்காருகிறார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் இவர்களின் வழக்கமான வேலை. எனிடெஸ்க் என்று, தூரத்திலிருந்தே இன்னொருவர் கம்ப்யூட்டரை இயக்க விடும் செயலியை இறக்கச் சொல்லி லேப்டாப்புக்குள் நுழைந்தான். விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டர் தனக்குள் நடப்பதை எல்லாம் குறித்து வைக்கும் நாட்குறிப்பு மாதிரி. அதைத் திறந்தால் சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் குறிகள் தெரியும். "எல்லாம் வைரஸ் சார்" என்று காட்டினான். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரிலும் அவை இருக்கும். என் தங்கை புதிதாக வாங்கிய லேப்டாப்பில் திறந்து பார்த்தோம், அதிலும் அப்படித்தான். மூன்று வருஷப் பாதுகாப்புத் திட்டம் என்று 4,999 ரூபாய்க்குத் திரையில் ஒரு கியூஆர் கோடு காட்ட, அப்பா போனில் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார். அதோடு விடவில்லை. "பணம் எங்களுக்கு வரலை சார், நெட் பேங்கிங்ல போய்ப் பார்த்திடலாம்" என்றிருக்கிறான்.

வகுப்பு முடிந்து நான் உள்ளே வந்தது அப்போதுதான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கைகளும் மடியில். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. வங்கியின் லாகின் பக்கம் திறந்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, ஓடிப்போய் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். அதன் பிறகு அப்பாவின் போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அணைத்து வைத்தோம்.

உடனே 1930க்கு அழைத்தேன். இணைய மோசடிப் பணப் புகாருக்கான தேசிய உதவி எண் அது. எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யுபிஐ பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்டார்கள். அந்த 12 இலக்க எண்ணைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழைத்தால் நேரம் மிச்சம். புகார் எண் கிடைத்தது, பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிந்தோம். வங்கிக்கும் தனியாகச் சொன்னோம். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, ரகசியத் தகவலை வாடிக்கையாளரே கொடுத்து ஏமாந்தால் வங்கியிடம் சொல்லும்வரை போன பணம் அவர் தலையில், சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் அந்த ராத்திரி முழுக்க நஷ்டம் நம்முடையது. எங்கள் 4,999 இன்னும் வரவில்லை. வேறு எதுவும் போகவில்லை.

மறுநாள் லேப்டாப்பை மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு சின்ன சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் போட வேண்டாம் என்று அந்தத் தம்பி கேட்டுக்கொண்டதால் போடவில்லை, ஆனால் இந்த விமர்சனத்தில் பாதி நட்சத்திரம் அவருக்குச் சேர வேண்டியது. அப்பாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "ஐயா, என்ன நடந்ததுன்னு நீங்களே முதல்லேருந்து சொல்லுங்க" என்று கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட "ஏன் அழுத்துனீங்க" என்று கேட்கவில்லை. பிறகு தன்னுடைய பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். மாடல் எண் கேட்ட இடத்தில் 'தயிர்சாதம்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தார். அதே பச்சைக் கோடு நகர்ந்தது, அதே 83இல் நின்றது, அதே சிவப்பு எழுத்து, அதே நம்பர். "டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பாருங்கய்யா" என்று திறந்து காட்டினார். காலி. எதுவும் இறங்கவே இல்லை. அந்தக் கோடு வெறும் படம். நேற்றிலிருந்து நிமிராத அப்பாவின் தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

எனிடெஸ்க் சட்டப்படியான செயலிதான், பல அலுவலகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. அதை வைத்து நடக்கும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. நம் அனுமதி கேட்காமலே மறுபடி உள்ளே வர ஒரு பாஸ்வேர்டு வைக்கும் வசதி அதில் உண்டு. அந்த ஆள் அதையும் வைத்திருந்தான். அதாவது ரவுட்டரை மறுபடி மாட்டியிருந்தால் அவன் பாட்டுக்குத் திரும்ப வந்திருப்பான். தம்பி அதை நீக்கி, வங்கி பாஸ்வேர்டையும் மெயில் பாஸ்வேர்டையும் வேறொரு போனிலிருந்து மாற்றச் சொல்லி, மற்றதையும் சோதித்துவிட்டு 300 ரூபாய்தான் வாங்கினார்.

இது ஏதோ மூலையில் இரண்டு பேர் செய்கிற தொழில் இல்லை. 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்று 76 இடங்களில் சோதனை நடத்தியது. அதில், போலி டெக் சப்போர்ட் கால் சென்டர்கள் மீது மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களும் இருந்தன. அங்கே வெளிநாட்டுப் பெரியவர்களை ஏமாற்றியவர்களின் அதே வசனம்தான் இன்று தமிழில் நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. தன்னுடைய எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. நான் இப்போது இதை ஒன்றையே அளவுகோலாக வைத்திருக்கிறேன். பிழைச் செய்தியோடு போன் நம்பரும் சேர்ந்து வந்தால் பக்கத்தை மூடிவிடுவேன்.

சரியான வழி எவ்வளவு சுலபம் என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டியில் வந்த தாளில் எப்சன் டாட் எஸ்என் என்று குட்டியாக ஒரு முகவரி இருக்கிறது. அதை பிரவுசரின் மேலே முகவரிக் கட்டத்தில் அடிக்க வேண்டும், தேடக்கூடாது. போன் என்றால் பிளே ஸ்டோரில் 'எப்சன் ஸ்மார்ட் பேனல்', தயாரித்தவர் பெயர் 'சீகோ எப்சன் கார்ப்பரேஷன்' என்று இருக்கிறதா என்று பார்த்து இறக்க வேண்டும். காசு ஒன்றும் கிடையாது. விண்டோஸ் 11இல் பல சமயம் இதுகூட வேண்டாம். செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பகுதிக்குப் போய்ப் புதுப் பிரிண்டரைச் சேர்க்கச் சொன்னால் அதுவே தேடி எடுத்துக்கொள்கிறது.

எங்களுக்கு ஒரே ஒரு இடத்தில் தட்டியது. வீட்டு ரவுட்டரில் 2.4, 5 என்று இரண்டு வைஃபை பெயர்கள் தெரியும். இந்தப் பிரிண்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். என் போன் 5இல் இருந்ததால் பிரிண்டர் கண்ணில் படவில்லை. போனை 2.4க்கு மாற்றியதும் வந்துவிட்டது. இருபது நிமிஷத்துக்குள் முதல் தாள் கையில்: பத்தாம் வகுப்பு, இருபடிச் சமன்பாடுகள், மாதிரித் தேர்வு ஒன்று.

அப்பா ஒரு வாரம் லேப்டாப் பக்கமே வரவில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் இப்படி ஒன்று நடந்தால் தயவுசெய்து முதல் நாள் கோபப்படாதீர்கள். நான் அன்று ராத்திரி ஒரு வார்த்தை விட்டுவிட்டேன், "உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்று. 4,999 ரூபாயைவிட அந்த வார்த்தைதான் அவரை உட்கார வைத்தது என்று அம்மா பிறகு சொன்னார்.

போன மாதம் எதிர்வீட்டு அக்கா டிவியில் மாட்டுகிற ஸ்டிக் ஒன்று வாங்கினார். திரையில் ஒரு குறியீட்டு எண் வந்திருக்கிறது. அதை எங்கே போடுவது என்று தேடியதில் 'ஆக்டிவேஷன் கட்டணம் 1,499' என்று கேட்கும் ஒரு பக்கம் வந்து நிற்க, என்னைக் கூப்பிட வந்தார். நான் வகுப்பில் இருந்தேன். அப்பா எழுந்தார், கண்ணாடியை எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அக்காவிடம் அவர் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது.

"பெட்டிக்குள்ள ஒரு தாள் வந்திருக்குமே, அது எங்கம்மா?"