லீமாவின் 'லும்' நினைவகம்: 1992ஐத் தேடிப் போகிறவர்களுக்கு

முக்கியமாக அரசுக்கும் 'ஒளிரும் பாதை' என்ற மாவோயிச ஆயுத இயக்கத்துக்கும் நடந்த பெரு நாட்டு உள்நாட்டுப் போரைப் புரிந்துகொள்ள முதலில் போகவேண்டிய இடம், தலைநகர் லீமாவின் மிராஃப்ளோரெஸ் பகுதியில் கடலோரச் சரிவில் உள்ள 'லும்' நினைவகம். நுழைவு இலவசம்; திங்கள் விடுமுறை. இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

காட்சிகள் தேதிவாரியாக இல்லை, கருப்பொருள்வாரியாக வைத்திருக்கிறார்கள். பலர் திணறுவது இதனால்தான். 1992 மட்டும் போதுமென்றால் நான்கு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 5: அதிபர் ஃபுஜிமோரி நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஜூலை 16: 'ஒளிரும் பாதை' இயக்கத்தின் கார் குண்டு, தராத்தா தெருவில் 25 பேர் பலி. ஜூலை 18: லா கந்துத்தா பல்கலைக்கழகத்தின் ஒன்பது மாணவர்களையும் ஒரு பேராசிரியரையும் ராணுவக் கொலைப்படை கடத்திக் கொன்றது. செப்டம்பர் 12: இயக்கத் தலைவர் குஸ்மான் கைது. அவர் ஒளிந்திருந்த வீட்டின் குப்பைப் பையில் கிடைத்த, அவருக்கு இருந்த சொரியாசிஸ் தோல்நோய்க்கான மருந்தும் சிகரெட் துண்டுகளும்தான் போலீசுக்குத் துப்பு. இந்தக் கைது ரத்தம் சிந்தாமலே முடிந்தது!

பெரிய குறை மொழி. விளக்கங்கள் பெரும்பாலும் ஸ்பானிஷில். போனில் மொழிபெயர்ப்புச் செயலி இல்லாமல் போனால் பாதி புரியாது. தராத்தா தெருவும் மிராஃப்ளோரெஸில்தான், நினைவுச்சின்னம் இருக்கிறது, சேர்த்தே பார்த்துவிடலாம். 2023இல் பாதுகாப்புச் சான்றிதழைக் காரணம் காட்டி மிராஃப்ளோரெஸ் நகராட்சி 'லும்' நினைவகத்தைக் கொஞ்ச காலம் மூடிவைத்தது. திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டே கிளம்புங்கள்.