வாசலில் ஜெல், குழாயடியில் சோப்பு இல்லை

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார லீவில் போனேன், அதில் பாதி பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. அம்மாவுக்கு 71 வயது, நிமோனியா. ஆன்டிபயாடிக் ஊசியில் நான்காம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. நர்ஸ் பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வந்தார்கள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆறாம் நாள் வயிற்றால் போக ஆரம்பித்தது, ஒரே பகலில் எட்டு தடவை. சித்தி "ஊசிச் சூடுதாம்ல, எளநி குடு" என்றாள். டூட்டி டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் இங்கிலீஷில் சொன்னார். தப்பென்று சொல்ல முடியாது, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் ஆன்டிபயாடிக் சேர்த்துக் கொல்வதால் வரும் பேதி பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் தானே அடங்கிவிடும். ஆனால் அந்தக் காலி இடத்தில் க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகிவிட்டால் கதை வேறு, வயதானவர்களைத்தான் அது அதிகம் படுத்தும். இது தெரியாமல் நான் கீழே மெடிக்கலில் பேதி நிற்க மாத்திரை வாங்கி வந்துவிட்டேன். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் கண்ணில் பட்டது நல்லதாகப் போயிற்று. "அத மட்டும் குடுத்துராதீங்க, கிருமியோட நஞ்சு உள்ளேயே தங்கிரும்" என்று மலத்தை டெஸ்டுக்கு அனுப்பினார். அந்தக் கிருமியேதான்.

பழைய ஊசியை நிறுத்தி, இந்தக் கிருமியைக் கொல்லும் வான்கோமைசின் என்ற மருந்தை ஆரம்பித்தார்கள். இதை நரம்பில் ஏற்றினால் குடலுக்குள் போய்ச் சேராதாம், அதனால் ஊசிக்கான பொடியையே தண்ணீரில் கரைத்து நாளைக்கு நாலு வேளை, பத்து நாள் குடிக்கக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வேளையும் அம்மா என்னைத் திட்டிவிட்டுத்தான் குடித்தாள்.

ரிசல்ட் வந்ததும் தனி அறைக்கு மாற்றினார்கள், சரி. அதுவரை ஆறு கட்டிலுக்கு ஒரே கக்கூஸ். வார்டு வாசலில் கைக்குத் தேய்க்க ஜெல் பாட்டில் பளபளவென்று இருக்கிறது, கக்கூஸ் குழாயடியில் ஒரு துண்டு சோப்பு கிடையாது. இந்தக் கிருமியின் வித்து ஜெல்லில் இருக்கும் ஸ்பிரிட்டுக்குச் சாகாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். சொன்னால் "அதான் ஜெல் இருக்கே அண்ணே" என்கிறார்கள். முருகன்குறிச்சியில் சோப்பு வாங்கி வைத்தேன், மறுநாள் காணோம், அடுத்ததை ஓட்டை போட்டுக் கயிற்றில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டேன்.

இரண்டு மாதத்துக்குள் திரும்ப வர வாய்ப்புண்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் டிஸ்சார்ஜ் செய்தார்கள். இப்போது இங்கிருந்து தினமும் போன் போட்டு அதைத்தான் கேட்கிறேன். "சாப்பிட்டியான்னு ஒரு நாளாவது கேக்கியால நீ, எத்தனை தடவ போனேன்னே கேளு" என்கிறாள் அம்மா.