மைலேஜ் வரவில்லையா? ஷோரூம் சொல்லும் வைத்தியத்துக்குப் பணம் கட்டாதீர்கள்

டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக் எஸ்யூவி எடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். கோவையில் நாங்கள் வண்டி எடுத்த இடத்தில் நடந்தது இது.

"கண்ணை மூடிட்டு எடுங்க சார், லிட்டருக்கு 18 கிலோமீட்டருக்குக் கொறையாதுங்க. ஏஆர்ஏஐ சர்டிபிகேட்டே இருக்கு" என்றார் விற்பனைப் பையன். ஏஆர்ஏஐ என்பது வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம். அப்பா, அம்மாவையும் சேர்த்து ஐந்து பேர், ஏசி இல்லாமல் ஓட்ட மாட்டோம், பாதி ஓட்டம் காந்திபுரம் நெரிசலில்தான் என்று தெளிவாகவே சொன்னோம். "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்றார்.

சுத்தப் பொய். அந்த எண் சோதனைக் கூடத்தில் வண்டியை உருளைமேல் நிறுத்தி, ஏசியை அணைத்து, சுமார் இருபது நிமிடம் ஓட்டி எடுப்பது. அதில் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான். இரண்டு வண்டிகளை ஒப்பிட உதவும். நம் பெட்ரோல் செலவைச் சொல்லாது. எங்களுக்கு ஊருக்குள் 9, பொள்ளாச்சி ரோட்டில் நிதானமாகப் போனால் 14. இந்த வகை வண்டிக்கு அது அதிசயமில்லை. 18 என்று அடித்துச் சொல்லி விற்றதுதான் ஏமாற்று.

ஆனால் நான் எழுத வந்தது அதற்கப்புறம் நடந்ததை. புகார் சொன்னால் முதலில் "ஒரு சர்வீஸ் முடியட்டும் சார்" என்றார்கள். சர்வீஸ் முடிந்ததும் பழி பெட்ரோலில் கலக்கும் எத்தனால் மேல் போனது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, 20 சதவீதம் கலந்தால் 6, 7 சதவீதம் மைலேஜ் போகலாம். 18 அதனால் 9 ஆகுமா?

பிறகு, "இன்ஜின்ல கார்பன் பிடிச்சிருக்கு" என்று, அதை நீக்கும் டீகார்பனைசிங்குக்கு 4,500 ரூபாய் பில் போட்டார்கள். 10,000 கி.மீ. கூட ஓடாத வண்டி அது! எங்களுடையது நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின். பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும். இந்த வகையில் கார்பன் முக்கியமாகப் படிவது சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வில். பெட்ரோல் அந்த வழியே போவதே இல்லை. அவர்கள் செய்ததோ பெட்ரோல் டேங்கில் ஒரு திரவத்தை ஊற்றியதுதான். அது வால்வை எப்படித் தொடும்? மைலேஜ் அதே 9.

கடைசியாக ஆக்சசரீஸ் கவுண்டரில் 2,800 ரூபாய்க்கு ஒரு குட்டிப் பெட்டி. ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் சொருகினால், இன்ஜின் கம்ப்யூட்டரைத் தானே திருத்தி மைலேஜைக் கூட்டுமாம். பச்சை விளக்கு மட்டும் அழகாக மின்னியது. என் மச்சான் எலக்ட்ரானிக்ஸ் ஆள். திருகைக் கழற்றிப் பார்த்தான். எங்கள் வண்டியில் இன்ஜினோடு பேசும் லைன் 6, 14-ஆம் பின்களில் வருகிறது. பெட்டிக்குள் அந்த இரண்டிலும் வயரே இல்லை. பாட்டரி பின், எர்த் பின், ஒரு சிப், மூன்று எல்இடி, அவ்வளவுதான். "விளக்கு எரியறதுக்கு 2,800-ஆ மாமா?" என்றான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருள் மிச்சம் பிடிப்பதாக விற்கும் கருவிகளை நூற்றுக்கு மேல் சோதித்திருக்கிறது. மைலேஜை உருப்படியாகக் கூட்டியது எதுவும் இல்லை.

வண்டி எடுக்குமுன், "ஊருக்குள் ஏசியோடு எவ்வளவு" என்று கேட்டு, கொட்டேஷனிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பேச்சு உடனே மாறும். எடுத்த பிறகு டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பம்ப் தானே நிற்கும் ஆட்டோ கட் வரை டேங்கை நிரப்பி, முந்நூறு கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். இரண்டு பில்களையும் பத்திரமாக வையுங்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம். 2022-ல் திருச்சூர் நுகர்வோர் ஆணையம், விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் வராத ஒரு காருக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம். பதிந்த பிறகுதான் மேனேஜர் போன் செய்கிறார், அடுத்த சர்வீஸுக்கு லேபர் இலவசமாம். அது வேண்டாம், டீகார்பனைசிங்குக்கும் பெட்டிக்கும் வாங்கிய 7,300 ரூபாய் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.